உழைப்பாளர் சிலையும் நம் வீட்டுச் சுவர்களும்

தமிழ்ச் சங்க மலரின் அட்டையில் என்ன படம் இருக்கும் என்பதை அதைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் இருக்கும். அல்லது திருவள்ளுவர் இருப்பார். அல்லது காவிரிக் கரையில் குடமேந்திய பெண்ணொருத்தி நிற்பாள். உள்ளே புரட்டினால் கல்லணையும் மாமல்லபுரமும் மாறிமாறி வரும். நம் வீட்டுச் சுவர்களும் இவ்வாறே. கடைக்காரர் கொடுத்த நாட்காட்டியில் குற்றால அருவி. வரவேற்பறையில் தென்னந்தோப்பும் ஓடையும் கொண்ட ஏதோ ஒரு கிராமம். இப்படங்களின்மேல் எனக்குப் பகையில்லை. எனினும் கப்பலில் மூன்று நாள் தொலைவில், இத்தீவில் நாம் வாழ்ந்து ஒரு தலைமுறை கடந்து இரண்டாம் தலைமுறையும் தலையெடுத்துவிட்டது. இன்றுவரை இம்மண்ணின் ஒரு மரத்தை, ஒரு குடாவை, ஒரு மழைக்கால மாலையை ஓவியமாகத் தீட்டி நம் மலரில் வெளியிட்டோமா? நான் படித்த மலர்களில் ஒன்றில்கூட அப்படி ஒரு படத்தைக் கண்டதில்லை.

இக்கேள்வியை எழுப்பும்போதெல்லாம் ஒரே விடைதான் கிடைக்கிறது. 'இது பிழைக்க வந்த இடம் ஐயா' என்கிறார்கள். இந்த ஒரு தொடரை எதிர்த்துத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். பிழைக்க வந்த இடத்தில் சம்பாதிக்கலாம், வீடு கட்டலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம், அம்மனுக்குத் தீமிதிக்கலாம். அந்த இடத்தைக் கண்ணெடுத்துப் பார்ப்பதற்கு மட்டும் உரிமையும் இல்லை, தேவையும் இல்லை என்பது போல் நடந்துகொள்கிறோம். இது அடக்கம் என்று சிலர் எண்ணுகின்றனர். அடக்கமன்று, அசட்டை.

பிழைக்க வந்த ஒருவர் என்ன செய்யலாம் என்பதற்கு நம் சொந்த ஊரிலேயே சான்று இருக்கிறது. சென்னைக்குச் சென்று வரும் நம்மவர் யாரும் மெரினாக் கடற்கரைக்குப் போகாமல் திரும்புவதில்லை. அங்கே உழைப்பாளர் சிலையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் அரிது. பெரும்பாறை ஒன்றை நெம்பித் தள்ளும் நால்வர், இடையில் ஒரு துணி, புடைத்தெழுந்த தசைநார்கள், ஒவ்வோர் உடலும் ஒவ்வொரு திசையில் வளைந்தாலும் வலிமை அனைத்தும் அந்த ஒரு பாறையின்மேல் வந்து குவிகிறது. 1959ஆம் ஆண்டு முதல் அது அங்கே நிற்கிறது. 1923இல் சிங்காரவேலர் இந்தியாவில் முதன்முதலாக மே நாளைக் கொண்டாடியதும் அக்கடற்கரையில்தான். தமிழ் உழைப்பாளியின் உடலை இதைவிட உண்மையாகக் காட்டிய உருவம் வேறொன்று உண்டா என்று எனக்குத் தோன்றவில்லை. அதைச் செய்தவர் தமிழர் அல்லர். வங்கத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்தவர்.

தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1899இல் ரங்பூர் மாவட்டத்துத் தாஜ்ஹாட்டில் பிறந்தார். அது இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. நம் தீவுகளில் 1949 முதல் குடியேற்றப்பட்ட வங்காள அகதிகளின் பூர்விக பூமியும் அந்தக் கிழக்கு வங்கமே என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். அவர் ஓவியம் பயின்றது அவனீந்திரநாத் தாகூரிடம். புராணக் காட்சிகளையும் கனவு போன்ற மெல்லிய வண்ணப் பூச்சையும் போற்றி, மேனாட்டாரின் நேர்க்காட்சி முறையை விலக்கிய மரபு அது. அந்த மரபிலேயே நின்றிருந்தால் அவருக்குப் புகழ் எளிதில் கிட்டியிருக்கும். அவரோ மேனாட்டு முறையில் உருவம் வரையவும் சிற்பம் வடிக்கவும் கற்றார். 1929இல் சென்னை ஓவியக் கல்விக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய நிறுவனம் அது. அதன் தலைமைப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் இவரே. 1957வரை, ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள், அப்பதவியில் இருந்தார்.

மற்போர் பழகியவர், புல்லாங்குழல் வாசிப்பவர், வேட்டையாடுபவர், வங்க மொழியில் கதை எழுதுபவர் என்று அவரைப்பற்றிச் சொல்வார்கள். அவருக்கு இருந்த விருதுகளுக்கும் குறைவில்லை. 1954இல் தொடங்கப்பட்ட லலித் கலா அகாதமியின் முதல் தலைவர் அவர். 1958இல் பத்மபூஷண் பெற்றார். 1975இல் காலமானார். இவற்றையெல்லாம் அடுக்கிக்கொண்டே போவது என் நோக்கமன்று. நான் கேட்பது ஒன்றே: சென்னைக்கு வந்த அந்த வங்காளி தம் வீட்டுச் சுவரில் பத்மா நதியின் படத்தை மாட்டிவைத்து, 'பிழைக்க வந்த இடம்' என்று முணுமுணுத்துக்கொண்டே ஓய்வூதியம் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மெரினாவில் அந்தப் பாறையை நெம்புவதற்கு ஆளில்லாமல் போயிருக்கும். அவர் பிறந்த மண்ணை மறந்தவரும் அல்லர். வங்கப் பஞ்சத்தில் பசியால் மடிந்தவர்களையும் அவர் கைகள் வெண்கலத்தில் வடித்தன. பிறந்த மண்ணுக்கு ஒரு கண், வாழும் மண்ணுக்கு ஒரு கண் என்று அவருக்கு இரண்டும் இருந்தன. நமக்கு ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் கடலுக்கு அப்பால் பார்த்தபடியே இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அவர் சிற்பி, கருவி வேறு, நிலத்தையும் கடலையும் தீட்டுவது வேறு கலையல்லவா என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருடைய கல்விக்கூடத்திலேயே அதற்கும் ஆள் இருந்தார். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்த மலையாளியான கே.சி.எஸ். பணிக்கர், குடும்பச் சூழலால் படிப்பை நிறுத்தித் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். (மத்திய அரசு எழுத்தர்கள் இவ்விடத்தில் சற்று நிமிர்ந்து உட்காரலாம்.) பின்னர் 1936இல் ராய் சௌத்ரியின் மாணவராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் எழுத்துகளையும் குறியீடுகளையும் கொண்டு அவர் தீட்டிய அருவ ஓவியங்களையே உலகம் பேசுகிறது. 1966இல் அவர் தோற்றுவித்த சோழமண்டல ஓவியர் கிராமத்தைப் பேசுகிறது. ஆனால் அவர் முதலில் பெயர் பெற்றது நீர்வண்ண நிலக்காட்சிகளால். தென்னை நிழல் விழும் வாய்க்காலும் வெயில் தெறிக்கும் பாதையும் கண்முன் இருந்தபடியே தாளில் இறங்கிய படங்கள் அவை. அந்தப் பயிற்சியில் தேறிய பிறகே அவர் அருவத்துக்குப் போனார். முதலில் பார்த்தார், பிறகுதான் பார்த்ததைத் தாண்டினார். நாம் பார்ப்பதற்கு முன்பே தாண்டிவிட்டோம்.

குடியேறியவனின் கண் நிலத்தின்மேல் விழுந்தால் என்ன நேரும் என்பதற்கு மேனாட்டிலும் ஒரு வரலாறு உண்டு. தாமஸ் கோல் என்பவர் 1801இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர். துணியில் அச்சிடும் பூவேலைக்கு அச்சுக்கட்டை செதுக்கும் தொழில் பழகியவர். தந்தையின் தொழில் நொடித்தது. 1818இல் குடும்பம் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஆம், பிழைக்கத்தான் போனார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1825இல், அந்த இளைஞர் ஹட்சன் ஆற்றின் வழியே கேட்ஸ்கில் மலைகளுக்குச் சென்று வரைந்த காட்சிகளில் மூன்றை நியூயார்க்கின் ஓவியர்கள் மூவரே விலைகொடுத்து வாங்கினர். அந்நாள்வரை அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அழகைத் தேடி ஐரோப்பாவை நோக்கிக்கொண்டிருந்தனர். வாசலில் நின்ற மலையை அவர்களுக்குக் காட்ட அக்கரையிலிருந்து ஒருவன் வரவேண்டியிருந்தது. அமெரிக்க நிலக்காட்சி ஓவியத்துக்கு அவரையே தந்தை என்கிறார்கள்.

1836இல் கோல் தீட்டிய ஓவியமொன்றை நம் தீவினர் அவசியம் அறிந்திருக்க வேண்டும். மலையுச்சியிலிருந்து பார்க்கும் காட்சி. கீழே ஆறு நுகத்தடி போல் வளைந்து ஓடுகிறது. இடப்புறம் இடிமழையில் நனைந்த அடர்காடு, முறிந்த மரங்கள். வலப்புறம் காட்டை அழித்துத் திருத்திய வயல்கள், வெயில், புகைபோக்கிகள். இரண்டுக்கும் நடுவே, உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் அளவில், தூரிகையுடன் ஓர் ஆள் அமர்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கிறார். ஓவியர்தான் அவர். காடும் வயலும் ஒரே சட்டத்துக்குள் இருக்க, இவ்விரண்டில் எது வேண்டும் என்று கேட்பது போன்ற பார்வை. அதே ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் கோடரிக்கு இரையாகும் காடுகளுக்காக அவர் வருந்தவும் செய்தார். 1883இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலையின் வழியே நம் காடுகள் எத்தனை ஆண்டு ஏறி இறங்கின, குடியேற்றங்களுக்காக எத்தனை மலைச்சரிவுகள் வெளுத்தன என்பதை அறிந்த நமக்கு அந்தப் படம் அயலூர்ச் செய்தியாகத் தோன்றாது.

கோலின் கண்ணிலும் குறை உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. யாரும் தொடாத காடு என்று அவர் தீட்டிய நிலத்தில் அவருக்கு நெடுங்காலம் முன்பே மக்கள் வாழ்ந்தார்கள். இங்கேயும் அப்படித்தான். ஓங்கியரும் ஜாரவாக்களும் பெரும் அந்தமானியரும் வாழ்ந்த காட்டை 'வெற்று நிலம்' என்று எவராவது வரைந்தால் அது பொய்ப் படம். அதுபோலவே அம்மக்களைக் காட்சிப் பொருளாக்கிப் படம் தீட்டி விற்பதும் இழிவே. நான் கேட்பது அவர்கள் எல்லைக்குள் போய் வரையும் படத்தை அன்று. நம் வாசற்படியில் நின்றால் தெரிவதைத்தான் கேட்கிறேன்.

வாசற்படியில் நின்றால் என்ன தெரிகிறது? தமிழன் நிலத்தை ஐந்தாகப் பகுத்தவன் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியத்தைச் சான்று காட்டுகிறோம். நல்லது; புரோத்ராபூர் எந்தத் திணை? மலையும் காடும் கடலும் ஒரு பார்வைக்குள் அடங்கும் ஊர் இது. குறிஞ்சி முடியும் இடமும் நெய்தல் தொடங்கும் இடமும் ஒரே வளைவில் இருக்கின்றன. பொழுதும் நம் ஊர்ப் பொழுதன்று. கடிகாரம் இந்திய நேரத்தைக் காட்டுகிறது. கதிரவனோ கிழக்குத் தீவின் கணக்கில் நடக்கிறான். மார்கழியில் மாலை 5 மணிக்கெல்லாம் மறைந்துவிடுகிறான். அலுவலகக் கோப்பை மூடிவிட்டு வெளியே வரும்போது சாலையில் இருட்டு. தமிழ்நாட்டில் மஞ்சள் வெயில் சாயும் நேரத்தில் இங்கே கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே நீர் கறுத்துவிடுகிறது. இரு பருவக்காற்றும் மழை கொண்டுவருவதால் ஆண்டில் பாதிக்குமேல் வானம் ஈயநிறம். படாக் மரம் பொன்னிறத்தில் பூத்து உதிர்வதைப் பார்த்தவர் நம்மில் எத்தனையோ பேர். அதைத் தமிழில் பாடியவரும் தீட்டியவரும் எங்கே? மருதம் பாடிய வாய்க்கு இத்திணையின் பெயரே தெரியவில்லை.

நம் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து 'இயற்கைக் காட்சி வரை' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதி எழுந்த கதிரவன், ஓர் ஆறு, ஓட்டு வீடு, நான்கு எழுத்து போன்ற நான்கு பறவைகள். புரோத்ராபூரிலே பிறந்த குழந்தையும் அதையே வரைகிறது. கோவில்பட்டியிலே பிறந்த குழந்தையும் அதையே வரைகிறது. ஓவியப் பயிற்சி நூல் அச்சிட்டவன் இருவரையும் ஒரே ஊர்க்காரர் ஆக்கிவிட்டான். இரு முக்கோணங்களுக்கு நடுவே கதிரவன் எழும் ஊரை நான் இதுவரை கண்டதில்லை.

கைப்பேசியில் ஆயிரம் படம் எடுக்கிறோமே, தூரிகை எதற்கு என்ற கேள்வியும் வரும். உழைப்பாளர் சிலைக்கே அந்தக் கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். நான்கு கூலியாட்களைப் புகைப்படம் எடுத்திருந்தால் நான்கு கூலியாட்களே கிடைத்திருப்பார்கள். ராய் சௌத்ரி எந்தத் தசையைப் புடைக்கவிட வேண்டும், எந்த முதுகை எவ்வளவு வளைக்க வேண்டும் என்று தேர்ந்தார். அந்தத் தேர்வில்தான் சுமையின் எடை நமக்கு உறைக்கிறது. உள்ளதை உள்ளபடி காட்டும் கலையைப் 'பிரதி எடுத்தல்' என்று ஒதுக்கும் பேச்சு 1960களுக்குப் பின் ஓவிய விமர்சகரிடையே மிகுந்தது. ராய் சௌத்ரியையும் பழைய பாணியினர் என்று தள்ளிவைத்தார்கள். கூலியாள் எவனும் அந்தச் சிலையின்முன் நின்று பொருள் கேட்டதில்லை. கைப்பேசிப் படத்துக்கு நாம் ஒரு நொடி நிற்கிறோம். அதுவும் பெரும்பாலும் நம் முகத்துக்காக. ஒரு மரத்தை வரைய வேண்டுமானால் ஒரு மணி நேரம் அதன்முன் உட்கார வேண்டும். உட்கார்ந்தவனுக்கு அந்த மரம் மறக்காது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். நம் தீவின் நிலக்காட்சி ஒன்று இந்தியா முழுவதும் பரவியிருந்தது. 2001 முதல் வெளிவந்த சிவப்பு 20 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் தென்னைகளும் கடலும் கலங்கரை விளக்கும் இருந்தனவே, அது ஹாரியட் மலையிலிருந்து தெரியும் காட்சி. (2021இல் அதற்கு மணிப்பூர் மலை என்று பெயர் மாற்றினார்கள்.) 2019இல் புதிய 20 ரூபாய்த் தாள் வந்தபோது எல்லோரா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2016இல் செல்லாததாக்கப்பட்ட பழைய 500 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இருந்ததோ தண்டி யாத்திரைச் சிற்பம். புது தில்லியில் நிற்கும் அந்தப் பதினொருவர் வரிசையும் ராய் சௌத்ரியின் படைப்பே. ஆக, நம் தீவும் அந்த வங்கச் சிற்பியும் பல ஆண்டுகள் நம் சட்டைப்பையில் அருகருகே மடிந்து கிடந்திருக்கிறார்கள். இரண்டையும் பாராமலே மளிகைக்கடையில் நீட்டிவிட்டோம்.

வேடிக்கையாகப் பேசி முடித்துவிடக் கூடிய செய்தியன்று இது. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. கடல் உள்ளே வந்தது. வந்த இடத்திலேயே தங்கிவிட்டது. நம் ஊரிலிருந்து சிறிது தொலைவில் உள்ள சிப்பிகாட்டில் நெல்லும் காய்கறியும் விளைந்த நிலம் உப்புநீரில் மூழ்கியது. இன்று அவ்வழியே பேருந்தில் செல்லும் பிள்ளைகள் அதைக் கழிமுகம் என்றே நினைக்கிறார்கள். அங்கே வயல் இருந்தது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? அரசின் நிலவரை இருக்கும், செயற்கைக்கோள் படம் இருக்கும், இழப்பீட்டுக் கோப்பு இருக்கும். நாற்றங்காலின் பச்சை எப்படி இருந்தது, வரப்பின் மேல் யார் நடந்தார்கள், பின்னால் நின்ற குன்றின் நிழல் எந்த நேரத்தில் வயலில் விழுந்தது என்பவற்றைக் கூறும் படம் ஒன்றும் நம் மலர்களில் இல்லை. அந்த ஆண்டுகளில் நாம் குற்றால அருவியைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தோம். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களில் சில குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டன. அத்தீவையும் அதே அலை சூறையாடியது. அவர்கள் கண்ட கச்சாலை எந்தத் தமிழ்த் தூரிகை பதிந்துவைத்தது?

அடுத்து எந்த வயல் போகும், எந்தக் குன்று வெட்டுப்படும் என்று யாருக்கும் தெரியாது. போர்ட் பிளேயர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பெயரே மாறும்போது இடம் மாறாமல் இருக்குமா? கராச்சர்மா சாலையோரத்தில் நேற்றுவரை நின்ற பாக்குத் தோட்டத்தை இன்று தேடினால் மாடி வீடுதான் நிற்கிறது.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள், கண்டிப்பான வேண்டுகோள். வரும் பொங்கல் விழா ஓவியப் போட்டியில் இரு முக்கோண மலைக்குப் பரிசு கொடுக்காதீர்கள். குழந்தை தன் வீட்டு வாசலிலோ பள்ளிக்குப் போகும் வழியிலோ உட்கார்ந்து, கண்ணால் கண்டதை மட்டுமே வரைய வேண்டும் என்று விதி செய்யுங்கள். படத்தின் பின்புறத்தில் இடத்தின் பெயரும் நாளும் நேரமும் எழுதச் சொல்லுங்கள். கோணலாக இருந்தால் இருக்கட்டும். படகுத்துறையோ சிறைச்சாலை மதிலோ மீன் சந்தையோ, எதுவாயினும் சரி. அவற்றில் ஒன்றை அடுத்த மலரின் அட்டையில் அச்சிடுங்கள். பெரிய கோயில் ஆயிரம் ஆண்டு நின்றுவிட்டது, ஓராண்டு அட்டையில் இல்லாததால் அது சாய்ந்துவிடாது. சிப்பிகாட்டு வயல் வரப்பில் நடந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை வரையத் தெரிந்த ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்காரவைத்து, குன்று எங்கே இருந்தது, மதகு எங்கே இருந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். அதற்குச் செயற்குழுவின் தீர்மானம்கூடத் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வண்ணப்பெட்டியும் போதும்.